ஸ்ட்ரெயிட்டனரில் கசியும் பிசின்

குன்னூர் பஜாருக்கு மேலுள்ள வீட்டில் மத்தியானத்திலேயே மூடுபனி கவிந்து இருட்டுகிறது. நஸீமாவின் புற்றுநோய் வலிக்கு இப்போது எந்த மாத்திரையும் கேட்பதில்லை. கணவன் ஹாமித் கஞ்சா மொட்டை வெண்ணெய்த்தாளில் மடித்து, அவளுடைய ஹேர் ஸ்ட்ரெயிட்டனரின் சூட்டுத் தகடுகளுக்கிடையே வைத்து அழுத்துகிறான். அவளுக்கு முடி கொட்டிய நாளிலிருந்து பீரோவிலேயே கிடந்த பொருள் அது. தாள் மெல்லச் சீறுகிறது. ஓரத்தில் தேன்நிறப் பிசின் கசிகிறது. காட்டமான வாடை கட்டில்வரை போகிறது. “ஏனுங்க, வேண்டாமுங்க. போலீஸ் புடிச்சுட்டுப் போயிட்டா என்னைய ஆரு பாக்கறது?” என்கிறாள் அவள். அவன் பிசினைக் கரண்டி நுனியில் வழிக்கிறான். அவள் போர்வையைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறாள். சற்று நேரத்தில் மெல்லப் புரண்டு, கண்ணை மூடியபடியே வாயைத் திறக்கிறாள்.