கையைக் காட்டுங்க

"மறுபடியும் கேக் தின்னீங்களா? எடை குறைஞ்சாத்தான் முழங்கால் ஆபரேஷன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டாரே!" என்றாள் மனைவி.

"சத்தியமா தொடலைம்மா." உயிரியல் வாத்தியார் தொளதொள சட்டைக்குள் தொப்பையை எக்கிக்கொண்டார்.

"கையைக் காட்டுங்க."

சோப்புப் போட்டுக் கழுவிய கை. தைரியமாக நீட்டினார்.

"உள்ளங்கை யாருக்கு வேணும்? திருப்புங்க."

புறங்கை பன் மாதிரி உப்பியிருந்தது. என்றோ பட்ட தீக்காயத்துக்கு, வயிற்றிலிருந்து தோலும் கொழுப்புமாக எடுத்து அங்கே வைத்துத் தைத்திருந்தார்கள்.

"எல்லா செல்லுலயும் ஒரே மரபணுக்கள்தான், ஆனா எதைத் திறக்கணும், எதை மூடணும்னு அதது ஞாபகம் வச்சிருக்கும், இடம் மாறினாலும் மறக்காதுன்னு கிளாஸ்ல கத்துவீங்களே? அது இன்னும் தன்னை வயிறுன்னுதான் நினைச்சிட்டிருக்கு, நீங்க தின்னா அதுவும் தொப்பை போடுது!"

வாத்தியார் புறங்கையை வெறித்தார்.

"ஒரு தொப்பையை ஒளிச்சு வச்சுட்டு, இன்னொண்ணை நானே நீட்டிட்டேனே!"