இழவு விளக்கு

"மாமா, இன்னொரு தடவை யோசிச்சுக்கோங்க" என்றாள் பெய்-ஷான், கவுன்ட்டர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து.

"யோசிச்சாச்சும்மா. விலை விழுந்தா வாங்கணும். ரெண்டு வருஷமா அதைத்தான் செய்யறேன். ஒரு தடவையாவது தோத்திருக்கேனா?"

லியாவ், தைவானின் துறைமுக ஊரான கீலுங்கில் முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பங்குச் சந்தை திறப்பதற்கு முன்பே வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு வந்து, புரோக்கர் ஆபீஸ் ஹாலில் முதல் நாற்காலியைப் பிடித்துவிடுவார்.

இன்று அவர் நீட்டிய சீட்டில் ஒரு கப்பல் கம்பெனிப் பங்கு. தொகையைப் பெய்-ஷான் இரண்டு தடவை படித்தாள். அவர் மனைவியின் முழங்கால் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம் அது. போன வாரம் அவரே சொல்லியிருந்தார்.

சுவரில் விலைப் பலகை முழுக்கப் பச்சை. இந்த ஊரில் பச்சை என்றால் இறக்கம். மூன்று வாரமாகப் பச்சைதான்.

"அது ஏறுற சந்தைக்குச் சரி மாமா. அப்ப விழுந்தது மறுபடி எழுந்துச்சு. இப்ப மொத்தமா சரியுது. மேடு ஏறின கியர்லயேவா பள்ளத்துல இறங்குவீங்க?"

"ஏறின கியர்லதாம்மா இறங்கணும். பஸ் ஓட்டினது நீயா, நானா?"

 பெய்-ஷான் இந்தக் கிளைக்கு மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகிறது. சீட்டை வாங்கிக்கொண்டாள்.

திறந்த கதவோரம் குடையை மடக்கியபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற ஜுவாங் அக்கா அப்போதுதான் உள்ளே வந்தார். மீன் ஏலத்தை முடித்துவிட்டு ரப்பர் பூட்ஸோடு அப்படியே வந்திருந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நகருங்க, நகருங்க! அந்தக் கப்பல் பங்கை இன்னிக்கு அள்ளப் போறேன். இதுக்கு மேல ஒரு காசு இறங்காது. வேணும்னா எழுதி வச்சுக்கோங்க!"

ஹாலே சிரித்தது. அக்காவுக்கு அங்கே வைத்திருந்த பெயர் இழவு விளக்கு. பிணத்தின் தலைமாட்டில் ஏற்றி வைப்பார்களே, அது. அவர் வாங்கினேன் என்று சொன்ன பங்கு விழுந்தே தீரும். விற்றேன் என்று சொன்னது ஏறியே தீரும்.

"ஐயையோ, ஏத்திட்டாங்கப்பா விளக்கை!" லியாவ் பாய்ந்து பெய்-ஷான் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தார். "என் கையில இருக்கிற கப்பல் பங்கையும் வித்துடும்மா, சீக்கிரம்! அக்கா, உங்க ராசிக்குக் கோயிலே கட்டலாம்."

"கட்டுய்யா. நாளைக்கு லாபத்துல நான் நண்டு திங்கும்போது வாசனை பிடிக்க வந்துடாதே."

விற்ற கையோடு லியாவ் நூடுல்ஸ் சாப்பிடக் கிளம்பினார். இன்னும் நாலு பேர் அவசர அவசரமாக விற்றார்கள். போகிற போக்கில் ஆளுக்கொரு கிண்டல்.

பெய்-ஷானுக்குக் கோபம் வந்தது. இவர்கள் மேல் மட்டுமல்ல, அக்கா மேலும்தான். இவ்வளவு பட்டும் இந்த அம்மாளுக்குப் புத்தி வரவில்லையே!

"எத்தனை வாங்கணும் அக்கா?" என்று கேட்டுக்கொண்டே அவர் கணக்கைத் திரையில் திறந்தாள்.

கப்பல் பங்கு ஒன்றுகூட இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால், உச்சி விலையில், மொத்தத்தையும் விற்றிருந்தார்.

"அக்கா... அப்ப வாங்கப் போறேன்னீங்களே?"

ஜுவாங் அக்கா கண்ணாடிப் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீ நல்லவிதமா சொல்லிப் பாத்தியே, அந்த மனுஷன் கேட்டாரா? சந்தை மேல திரும்பற மாதிரி தெரிஞ்சா எனக்கு ஒரு போன் பண்ணும்மா. எல்லாத்தையும் வித்துட்டேன்னு அன்னிக்கு இங்க வந்து ஓன்னு அழணும்."