அதே பழைய பாட்டு

“சரக்கு தீர்ந்துபோச்சா, சார்?”

கேட்ட பிறகுதான், வாயை விட்டுவிட்டோமே என்று ரேடியோ தயாரிப்பாளரான அந்தப் பெண்ணுக்கு உறைத்தது.

எதிரே இருந்த பேராசிரியர் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்படித்தான் வெச்சுக்கோயேம்மா. வயசாகுதில்ல?”

“ஒரு வருஷமா சொன்ன பாட்டையே திருப்பித் திருப்பிச் சொல்றீங்க. ‘உங்க ரெக்கார்டுல கீறல் விழுந்துடுச்சா’ன்னு நேயர்கள் போன் பண்ணிக் கிண்டல் பண்றாங்க. மேலிடத்துல நிகழ்ச்சியையே நிறுத்திடலாம்னு பேச்சு.”

அதற்கு மட்டும் அவர் முகம் மாறியது. “நிறுத்திடாதேம்மா. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமே.”

அவர் கெஞ்சியது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. எப்பேர்ப்பட்ட மனுஷர்!

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அவளுக்கு அந்த இரண்டு குரல்கள்தான். அம்மா தலை பின்னிவிடுவாள். அடுப்படி அலமாரியில் ரேடியோ. முதலில் அறிவிப்பாளர் ஒரு பழம்பாடலை வாசிப்பார். கணீரென்ற குரல், நிலையத்தில் அவருக்குப் பெயரே ‘வெண்கலம்’தான். அவர் முடித்ததும் பேராசிரியரின் கரகரப்பு: “ஒண்ணும் புரியலையா? கவலைப்படாதீங்க, எனக்கும் முதல்ல புரியல.” தலையைப் பிடித்திருந்த அம்மாவின் கை குலுங்கும், சிரிப்பில்.

அந்தச் சிரிப்புதான் அவளை ரேடியோ வேலைக்கே இழுத்து வந்தது.

பல்கலைக்கழகத்தில் அவரை ‘ரேடியோப் புலவர்’ என்று நையாண்டி செய்தார்கள். பழைய இலக்கியத்தைக் கொண்டுபோய்க் கடைத்தெருவில் கூறு கட்டி விற்கிறாராம். துறைத்தலைவர் பதவி தேடி வந்தது, ரேடியோவை விட்டால் தருகிறோம் என்று. “ரேடியோவே இருக்கட்டும்” என்று எழுந்து வந்துவிட்டார்.

அப்படிப்பட்டவர் இன்றைக்கு அரைத்த மாவையே அரைக்கிறார்.

அவள் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டாள். “இன்னிக்கு நானே ஒரு பாட்டு எடுத்து வெச்சிருக்கேன் சார். இதுவரைக்கும் நம்ம நிகழ்ச்சில வராதது. இதைத்தான் பேசறீங்க.”

ஒரு தாளை அவரிடம் கொடுத்தாள். இன்னொன்றை, ஒலிபரப்பு அறையில் ஏற்கெனவே மைக் முன்னால் உட்கார்ந்திருந்த வெண்கலத்திடம் கொடுத்தாள். அவர் ஓய்வு பெற்றுவிட்டவர். இந்த ஒரு நிகழ்ச்சிக்காக மட்டும் வாரம் தவறாமல், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

வெண்கலம் தாளை வாங்கிக்கொண்டார்.

நேரலை. சிவப்பு விளக்கு எரியப் போகிறது. சட்டென்று பேராசிரியர் எட்டி, வெண்கலத்தின் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

“இதை நானே படிக்கறேன்யா. ரொம்ப நாள் ஆசை.”

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் பல்லைக் கடித்தாள். அந்தக் குரல் பக்கத்தில் இருக்கும்போது இவருக்கு எதற்கு இந்த ஆசை?

விளக்கு எரிந்தது. டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது மாதிரி பேராசிரியர் பாட்டைச் சொன்னார். ஆனால் தாளைப் பார்க்கவில்லை. அது மேசையில் கவிழ்ந்து கிடந்தது. பாட்டு அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது, ஒரு சொல் பிசகாமல்.

கிணற்றடியில் அக்காளும் தங்கையும் சண்டை போடும் பாட்டு. ஒரு சொல்லுக்கு அன்றைக்கு என்ன பொருள், இன்றைக்கு எப்படி மாறியது, அக்காளின் கோபத்துக்குள் எங்கே அழுகை ஒளிந்திருக்கிறது, எல்லாம் சொன்னார். அவளுக்கே சிரிப்பு வந்தது. அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பாளே என்று நினைத்துக்கொண்டாள்.

விளக்கு அணைந்ததும் சிரிப்பு போய் ஆத்திரம் வந்தது. இத்தனையும் உள்ளே வைத்துக்கொண்டா ஒரு வருஷமாக ஏய்த்தார்?

வெண்கலம் வெளியே வந்து தாழ்வாரத்து ஜன்னலோரம் நின்றார். அவள் ஓடினாள்.

“மன்னிச்சிடுங்க சார். உங்க கையிலேர்ந்து பாட்டைப் பிடுங்கிட்டாரே! அவருக்கு என்ன திமிர்! இருங்க, இப்பவே போய்க் கேக்கறேன்.”

“ஐயோ, வேணாம்மா!” வெண்கலம் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அவன் பிடுங்கினதுல நான் பிழைச்சேன். யார்கிட்டயும் சொல்லிடாதே. எனக்கு எழுத்து தெரியறதில்ல.”

“சார்?”

“ஆள் தெரியுது, வழி தெரியுது. தாளைப் பார்த்தா மட்டும் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. இனிமே சரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வெளில தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வீட்ல நான் யாருக்கும்மா வாசிக்கறது?”

“அப்போ வாராவாரம் எப்படி…”

“எல்லாம் எப்பவோ வாசிச்ச பாட்டுதானே, மனப்பாடம்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேராசிரியர் நாற்காலிகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“இது அவருக்குத் தெரியுமா சார்?”

“மூச்சு விடலையே! தெரிஞ்சா இடிஞ்சு போயிடுவான்.” வெண்கலம் இரக்கத்தோடு சிரித்தார். “அவனைத் திட்டாதேம்மா, பாவம். நீ தாள் குடுத்ததால இன்னிக்கு எப்படியோ பார்த்துப் படிச்சு ஒப்பேத்திட்டான். எனக்குக் கண்ணு போன இந்த ஒரு வருஷமா, என் அதிர்ஷ்டம் பாரு, எனக்கு மனப்பாடமான பாட்டைத் தவிர வேற ஒண்ணுமே அவன் ஞாபகத்துக்கு வர்றதில்ல!”