மசணன் தூங்கிய மதியம்

ஆனைகட்டி மலையடியில் இருக்கும் அந்த இருளர் ஊரில், யானை வருவதைச் சொல்ல மரங்களில் பொருத்திய கேமராக்கள், நினைவு தப்பியவர்கள் தனியாக நடந்தாலும் ஊரார் போனுக்குச் சொல்லிவிடும்.

மசணனின் மனைவி ரங்கிக்கு மூன்று வருஷமாக எதுவும் நினைவில் நிற்பதில்லை. அவர் கண்ணசந்தால் காட்டுக்குள் போய்விடுவாள். அதனால் அவர் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கியதே இல்லை.

அன்று மதியம் சாப்பிட்டதும் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார். விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. கதவு திறந்து கிடந்தது. ரங்கியைக் காணோம். பதறிப்போய் வெளியே ஓடினார்.

பக்கத்து வீட்டு வஞ்சி, ரங்கியின் கையைப் பிடித்தபடி எதிரே வந்தாள். ரங்கியின் மடி நிறைய நெல்லிக்காய்.

"எனக்குப் போனே அடிக்கலியே!" என்றார் மசணன்.

"உங்களுக்கும் அடிச்சு எழுப்பட்டுமான்னு அந்தக் கேமரா எங்க போன்ல கேட்டுச்சுங்க மாமா. வேண்டாம், மனுசன் தூங்கட்டும்னு எல்லாருமே சொல்லிட்டோம். ஓடை வரைக்கும் செல்வி போனா. அங்கிருந்து காளியண்ணன். அப்புறம் நான். அத்தைய ஒரு நிமிசம் தனியா விடலீங்க."

மசணன் கைகளைக் கூப்பினார்.

வஞ்சி அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள். "நாளைக்கும் சாப்பிட்டதும் படுத்துக்கோங்க மாமா. பாய் விரிச்சு நல்லாப் படுங்க."