ஒன்பது நிமிடக் கூட்டம்

“மூணு மணி நேரமா உட்கார்ந்திருக்கீங்களே, இதுவரைக்கும் என்ன முடிவு பண்ணீங்க?”

நீள மேசையின் முனையில் நின்றபடி அந்தப் பெண் ஓங்கித் தட்டினாள். அங்கே தயாராக வைத்திருந்த தண்ணீர்ப் புட்டியும் புதுப் பேனாவும் குதித்து விழுந்தன.

ம்பராரா பால் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் ருவபுஷைஜா தொண்டையைச் செருமிக்கொண்டார். கூட்டங்களை ஒழுங்காக நடத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கத் தலைநகர் கம்பாலாவிலிருந்து அன்று ஒரு பயிற்சியாளர் வருவதாகக் கடிதம் வந்திருந்தது. வருபவர் பெண் என்று அதில் இருந்தது. இப்படிச் சீறுவார் என்று இல்லை.

சற்றுமுன் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவரே எழுந்துபோய் வரவேற்றார். “நான் வந்து...” என்று அவள் ஆரம்பிக்க, “தெரியும்மா, தெரியும்மா. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்” என்று முன்னால் அழைத்துப் போனார். அவள் உடுப்பின் கரையெல்லாம் சேறு. “வழியெல்லாம் நல்ல மழை போல” என்று செயலாளரான கட்டுங்கியிடம் கிசுகிசுத்தார்.

“கேக்குறேன்ல? என்ன முடிவு பண்ணீங்க?”

கட்டுங்கி நோட்டைப் புரட்டினார். “போன கூட்டத்துக் குறிப்புல பமுவினே ஐயா பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு. அதைத் திருத்தினோம். அப்புறம் ஆண்டு விழாச் சட்டை பச்சையா, நீலமான்னு பேசினோம்.”

“பச்சைக்கு நாலு ஓட்டு, நீலத்துக்கு நாலு ஓட்டும்மா” என்றார் துணைத் தலைவர் பமுவினே, நிஜமான வருத்தத்தோடு.

“முதல்ல ஒரு டீ குடிங்க” என்று தலைவர் கோப்பையை நகர்த்தினார். அவள் அதைத் தள்ளிவிட்ட வேகத்தில் பாதி டீ மேசைவிரிப்பில் கொட்டியது.

“சங்கத்துப் பால் குளிர்த்தொட்டி நாலு நாளா ஓடலை. இங்க சட்டைக்குக் கலர் பார்க்குறீங்க. வெட்கமா இல்லை?”

எல்லாம் விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள் என்று தலைவருக்கு மரியாதை கூடியது. “அதுவும் பட்டியல்ல இருக்கும்மா. பதினொண்ணாவது.”

“இப்ப எத்தனாவதுல இருக்கீங்க?”

“மூணு.”

அவள் பட்டியலை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். “இனி ஒண்ணே ஒண்ணுதான். தொட்டி. வேற எதைப் பத்தியாவது வாயைத் திறக்கறவர் எழுந்து வெளிய போயிடணும்.”

கோட்டுப் போட்ட எட்டுப் பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“எது கெட்டுப்போச்சு?”

“இந்தத் தொட்டியை வாங்கும்போதே நான் சொன்னேன்...” என்று பமுவினே இழுத்தார்.

“எது கெட்டுப்போச்சுன்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்கன்னு கேக்கலை.”

“கம்ப்ரசர்.”

“புதுசு எங்க கிடைக்கும்?”

“கம்பாலாவுல. கடையில எடுத்து வச்சிருக்காங்க. யாரு போய்க் கொண்டு வர்றதுன்னுதான் போன கூட்டம் முழுக்க...”

“பிக்கப் வண்டி யார்கிட்ட இருக்கு?”

பமுவினேயின் கை பாதிவரை எழுந்தது.

“எப்ப கிளம்புறீங்க?”

“தீர்மானம் போட்டு, கையெழுத்தாகி, வர்ற திங்கக்கிழமை...”

“திங்கக்கிழமை வரைக்கும் மாடு பாலை மடியில வச்சுக்கிட்டு நிக்குமாய்யா?”

பமுவினே சட்டென்று எழுந்துவிட்டார். “இப்பவே கிளம்புறேம்மா.”

“கையெழுத்து யாரு போடணும்?”

“நான்தான்” என்றார் தலைவர்.

“அப்ப என்னைப் பார்த்துக்கிட்டிருந்தா? போடுங்க.”

அவர் போட்டார். பமுவினே தாளை வாங்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

“சரி, கம்ப்ரசர் வந்து மாட்டுற வரைக்கும் பாலை எங்க வைப்பீங்க?”

தலைவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். “பக்கத்துச் சங்கத்துத் தொட்டியில இடம் இருக்கு. ஆனா அவங்க தலைவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.”

“உங்க ரெண்டு பேர் ரோஷத்துக்கு நாலு நாள் பால் பலியா?” அவள் குரல் உடைந்தது. “விடியறதுக்கு முன்னாடி எழுந்து கறந்து, தலையில சுமந்து, சேத்துல நடந்து வராங்க. வந்தா ‘எடுக்க முடியாது’ன்னு திருப்பி அனுப்புறீங்க. எத்தனை வீட்டுல புளிச்ச பால் கிடக்குன்னு உங்கள்ல ஒருத்தராவது போய்ப் பார்த்தீங்களா?”

அவள் தலைவர் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்குத்தானே பேச்சு இல்லை? செயலாளர் பேசட்டும். இங்கேயே. எங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி.”

கட்டுங்கி போனை எடுத்தார். மறுமுனையில் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “சாயங்காலப் பால்லேருந்தே அனுப்பச் சொல்றாங்க. நாம ஏன் இத்தனை நாள் கேக்கலைன்னு கேக்குறாங்க” என்றார் கட்டுங்கி, யார் முகத்தையும் பார்க்காமல்.

வெளியே பமுவினேயின் பிக்கப் உறுமிக்கொண்டு கிளம்பியது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பட்டியலைக் கிழித்து ஒன்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. பதினோரு வருடம் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார். ஒன்பது நிமிடத்தில் அவர் கூட்டத்தில் வணக்கம்கூட முடிந்ததில்லை.

யாரோ ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லோருமே தட்டினார்கள்.

“பிரமாதம்மா!” தலைவர் எழுந்து நின்றார். “நல்லா உறைக்கிற மாதிரி சொன்னீங்க. ரெண்டு நாள் பயிற்சின்னு போட்டிருந்தாங்க, ஒன்பது நிமிஷத்துல முடிச்சிட்டீங்க. வாழைக்காய் மட்டோக்கேயும் ஆட்டுக்கறியும் சொல்லியிருக்கோம், சாப்பிட்டுட்டுத்தான் போகணும். இந்த மாதிரி இன்னும் எந்தெந்தச் சங்கத்துல பயிற்சி குடுத்திருக்கீங்க?”

அவள் கோபம் கொஞ்சமும் ஆறாமல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பயிற்சியா? நான் இந்தச் சங்கத்துக்குப் பால் ஊத்துறவ.”