ஒன்பதாவது வளைவு

படுத்துறங்க வசதியுள்ள கேம்பர் வேனை எடுக்குமுன், போகும் வழியைக் கண்ணில் மாட்டும் ஒத்திகைக் கண்ணாடியில் முன்கூட்டியே பார்ப்பது எல்லா வீடுகளிலும் வழக்கமாகியிருந்தது. கொண்டை ஊசி வளைவு என்றாலே வாந்தி எடுக்கும் ஜெசிந்தா, தலைசுற்றல் பழகட்டும் என்று வால்பாறைச் சாலையைத் தனியாகப் பலமுறை பார்த்தாள். கண்ணாடி உருவாக்கிக் காட்ட, அதற்குள் வேன் ஓட்டியவனுக்கு அவள் கணவன் பொன்ராஜின் முகம், அவனுடைய குரல். ஒன்பதாவது வளைவில் நிறுத்தி, அவள் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். வயிற்றில் தங்காமல் போன பிள்ளையைப் பற்றி அவள் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அவனிடம்தான். அழுது முடிக்கும்வரை கூடவே இருந்தான்.

கிளம்பி வந்த அன்று, அதே வளைவில் பொன்ராஜும் வேனை ஓரங்கட்டினான். கீழே ஆழியாறு அணை மினுங்கியது.

"தல சுத்துதா? போன தடவ எம்மேலதான் கொட்டுன. அதான் இன்னைக்கிப் பழைய சட்ட."

"ஒண்ணும் செய்யலங்க."

அவன் சுத்தமாக இருந்த ஸ்டியரிங்கைத் துடைத்தான்.

"ஜெசி, நம்ம பிள்ளயப் பத்தி நாம பேசவே இல்லியே. வீட்டுல எனக்கு வாய் வரல. இங்க வச்சுப் பேசணும்னுதான் உன்னக் கூட்டிட்டு வந்தேன்."

சொல்ல வேண்டியதெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. அழுகைதான் வரவில்லை. அதை இதே வளைவில் இன்னொருவனிடம் அழுது தீர்த்திருந்தாள்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பொன்ராஜ் தனியாக அழுதான்.