முன்சீட்டு பெல்ட்

போன வாரம் வாங்கிய பழைய காருக்கு எந்த மாதம் என்ன மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் ஜெபமணி ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்ல, என் மனைவி வேதவல்லி முன்சீட்டில் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் எழுதிக்கொண்டிருந்தாள். ஆயில் இந்த மாதம். டயர் அடுத்த மாதம். பிரேக் தேய்ந்திருந்தது, ஆனால் தை வரை தாங்கும். சீட் பெல்ட்டுகளின் அடியில் வருடம் அச்சிட்ட துணிச்சீட்டு தைத்திருந்தது. மூன்றில் வண்டி தயாரான வருடமே இருந்தது. வேதவல்லி போட்டிருந்தது மட்டும் போன வருடத்தது.

"அப்ப இத எழுத வேண்டாம், புதுசுதான்" என்றேன்.

ஜெபமணி கையைத் துடைத்துக்கொண்டார். "பெல்ட்டு அவ்வளவு சீக்கிரம் தேயாது சார். அறுத்திருந்தாத்தான் மாத்துவாங்க."

"யாரு அறுக்கிறது?" என்றாள் வேதவல்லி.

"உள்ள இருக்கிறவங்கள வெளிய எடுக்க வர்றவங்க."

அவள் பேனா நின்றது.

"பிரேக்க முதல்ல எழுதிக்கோங்கக்கா" என்றார் அவர்.

"இன்னிக்கே மாத்த முடியாதா?" என்றாள் வேதவல்லி.

"சாமான் நாளைக்குத்தான் வரும். மெதுவாப் போங்க."

சாவியைத் திருப்பினேன். வேதவல்லி மார்பின் குறுக்கே ஓடிய பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வீடு வரைக்கும் ஒரே ஒரு இறக்கம்தான்.